மலைச்சரிவில் வீடு வாங்கியவர்களுக்கு: காட்டுத்தீக் காலத்துக்கு முன் எங்கே தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவில் சான் ரமோனை ஒட்டிய மலைச்சரிவில், போன குளிர்காலத்தில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். 1990களில் கட்டிய வீடு. ஓட்டுக்கூரை, பின்பக்கம் டெக் எனப்படும் திறந்த மரத்தளம், வேலிக்கு அப்பால் புல்மேடு. மே மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் இருக்கப்போகிறார்கள். தீக்காலம் வருவதற்குள் என்ன செய்யவேண்டும், கொல்லையில் இருக்கிற மரங்களையெல்லாம் வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மரத்தில் கை வைக்காதீர்கள், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் வாசலில் கிடக்கும் மிதியடியையும் செருப்பு அலமாரியையும் பாருங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

காட்டுத்தீ என்றதும் மர உயரத்துக்கு எழும்பி உருண்டு வரும் நெருப்புதான் எல்லோருக்கும் கண்முன் வரும். வீடுகளில் பெரும்பாலானவை அந்த நெருப்பு தொட்டு எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகள் விழுந்துதான் எரிகின்றன. பலத்த காற்றில் கங்கு ஒரு மைலுக்கும் மேலே பறக்கும். தீ உங்கள் மேட்டுக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே அவை வந்து வீட்டின் மேல் கொட்டத் தொடங்கிவிடும். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் இதைத்தான் தம் வாழ்நாள் வேலையாகச் சொல்லிவந்தார். கனடாவின் வடபகுதியில் நடந்த ஒரு சோதனையில், மரச்சுவர்களை நிறுத்திவைத்து எதிரே இருந்த காட்டையே கொளுத்திப் பார்த்தார்கள். காட்டிலிருந்து 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றிக்கொண்டன. 20 மீட்டரில் நின்றவை லேசாகக் கருகின, பற்றவில்லை. 30 மீட்டரில் நின்றவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தனை பெரிய நெருப்பின் வெப்பமே அவ்வளவு தூரம்தான் வேலை செய்கிறது.

2018 நவம்பர் 8 அன்று வட கலிஃபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அந்த ஊரின் படங்களைத் தேடிப் பாருங்கள். வீடு இருந்த இடத்தில் சாம்பலும் புகைபோக்கியும் மட்டும் நிற்கும், பக்கத்திலேயே பைன் மரம் பச்சையாக நிற்கும். மரத்திலிருந்து வீட்டுக்குத் தீ தாவியிருந்தால் அந்த மரம் அப்படி நிற்காது. கங்கு விழுந்து வீடு பற்றியது, அந்த வீட்டின் வெப்பத்தில் அடுத்த வீடு பற்றியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஆல்டடீனாவிலும் பசிபிக் பாலிசேட்ஸிலும் தெருத்தெருவாக நடந்தது இதுதான்.

ஆகவே வேலையைக் காட்டிலிருந்து வீட்டை நோக்கிச் செய்யாமல், வீட்டுச் சுவரிலிருந்து வெளியே நகர்ந்து செய்யுங்கள். கையில் ஒரு வார இறுதிதான் இருக்கிறது என்றால் சுவரிலிருந்து 5 அடிக்குள் அதைச் செலவிடுங்கள். இங்கே அதை ஜீரோ ஸோன் என்கிறார்கள். 30 அடி வரை ஸோன் ஒன்று, 100 அடி அல்லது உங்கள் மனையின் எல்லை வரை ஸோன் இரண்டு. 100 அடி விதி பழையது. முதல் 5 அடிக்குத் தனியாக விதி வேண்டும் என்று 2020இல்தான் சட்டம் வந்தது, விரிவான விதிகளை எழுதுவதில் பல ஆண்டுகள் இழுபறி. சட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இருப்பதிலேயே மலிவான வேலையும் அதிகப் பலன் தரும் வேலையும் இதுதான்.

அந்த 5 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்பது இலக்கு. நம் வீடுகளின் வாசலை நினைத்துப் பாருங்கள். தென்னை நார் மிதியடி. அதன் பக்கத்தில் ரப்பர் செருப்பும் ஷூவும் அடுக்கிய மர அலமாரி. கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு நிலைப்படியில் இன்னும் தொங்கும். முகப்பில் ஊஞ்சல், அதில் பஞ்சு மெத்தை. ஒரே ஒரு கங்கு இவற்றில் எதில் விழுந்தாலும் அடுத்து பற்றுவது வாசற்கதவு. செருப்பு அலமாரியை உள்ளே கொண்டுபோங்கள், அல்லது மூடிய உலோக அலமாரியாக மாற்றுங்கள். தோரணம் விசேஷ நாளில் கட்டி, வாடியதும் அவிழ்த்துவிடுங்கள். ஊஞ்சலைக் கழற்ற வேண்டாம், மெத்தையை மட்டும் காற்று எச்சரிக்கை வரும் நாளில் உள்ளே எடுத்துவைத்தால் போதும்.

பூத்தொட்டிகளும் இதில் அடக்கம். பகல் வெயில் முழுக்கக் கிடைக்கட்டும் என்று கறிவேப்பிலைத் தொட்டியைச் சுவரோரம் ஜன்னலுக்குக் கீழே வைப்பது நம்மவர் வழக்கம். பிளாஸ்டிக் தொட்டி உருகி எரியும். மண்தொட்டிக்கு மாற்றி, சுவரிலிருந்து 5 அடிக்கு அப்பால் சிமென்ட் தரையில் வையுங்கள். துளசிக்கும் அதே இடம்தான்.

சுவரோரத்து மண்ணை மூட மரச்சீவல் கொட்டியிருந்தால் அதை வாரி எடுத்துவிட்டுச் சரளைக்கல் போடுங்கள். இந்த மரச்சீவலுக்கு நான் பரம விரோதி. பார்க்க அழகாக இருக்கும், ஈரத்தைக் காக்கும், ஆனால் அக்டோபரில் அது சுவரைச் சுற்றி நீங்களே அடுக்கிவைத்த விறகு. தொலைவில், செடிகளின் வேரைச் சுற்றிப் போடுவதில் தவறில்லை.

அடுத்தது வேலி. மர வேலி வீட்டுச் சுவரில் வந்து முட்டுகிறதா என்று பாருங்கள். எங்கோ ஒரு மூலையில் பற்றிய தீயை விளக்குத் திரிபோல அது வீடு வரை கொண்டுவந்து சேர்த்துவிடும். முழு வேலியையும் மாற்ற வேண்டியதில்லை. சுவரைத் தொடும் கடைசி 5 அடியை மட்டும் உலோகமாக மாற்றினால் போதும். பக்கவாட்டுக் கதவு அங்கேதான் இருக்கும் என்பதால், பெரும்பாலும் ஓர் இரும்புக் கதவோடு வேலை முடிந்துவிடும். குடியிருப்பில் வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கங்கு எங்கே சேரும் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தென் கரோலினாவில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்கூடத்தில், ஒரு முழு வீட்டைக் கூடத்துக்குள் நிறுத்தி ராட்சத விசிறிகளால் அதன் மேல் கங்குகளை வீசிப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனைகளில் கங்குகள் குவியும் இடங்கள் சருகு குவியும் இடங்களேதான். காற்று பலமாக அடித்த மறுநாள் காலை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். படியின் மூலை, டெக் பலகைகளின் இடுக்கு, கராஜ் கதவின் அடி, கூரை இரண்டாக மடியும் பள்ளம் என்று எங்கெல்லாம் இலை சேர்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் கங்கும் வந்து சேரும்.

இனி வீட்டின் உடம்பு. உங்கள் வீடு 1990களில் கட்டியது என்பதால் இதில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். தீ ஆபத்துள்ள பகுதிகளில் கட்டும் வீடுகளுக்குக் கடுமையான கட்டட விதிகள் 2008இல்தான் வந்தன. பாரடைஸில் அதற்குப் பின் கட்டிய வீடுகளில் ஏறத்தாழ பாதி சேதமில்லாமல் நின்றன, முன்பு கட்டியவற்றில் ஐந்தில் ஒன்றுகூட அப்படி நிற்கவில்லை. நல்ல சேதி என்னவென்றால், அந்த விதிகள் கேட்பவற்றில் முக்கியமான சிலவற்றைப் பழைய வீட்டிலும் செய்துவிடலாம்.

முதலாவது காற்றுத் துவாரங்கள். பரணுக்கும் தரைக்கு அடியிலுள்ள வெளிக்கும் காற்று போவதற்காக இறவாரத்திலும் சுவர் அடியிலும் வலை போட்ட துவாரங்கள் இருக்கும். பழைய வீடுகளில் அந்த வலையின் கண் கால் அங்குலம். கங்கு தாராளமாக உள்ளே போகும். பரணில் இருப்பதோ காய்ந்த மரச்சட்டமும் அட்டைப்பெட்டிகளும். வெளியே ஒன்றும் தெரியாது, தீயணைப்பு வண்டி தெருவைக் கடந்து போன பின் கூரை வழியாகப் புகை வரும். அந்த வலையை எடுத்துவிட்டு அரைக்கால் அங்குலம் அல்லது அதற்கும் சிறிய கண்ணுள்ள உலோக வலையைப் பொருத்துங்கள். பிளாஸ்டிக், ஃபைபர் வலைகள் உருகிவிடும், வேண்டாம். மிகச் சிறிய கண்ணுள்ள வலையில் தூசி அடையும், ஆண்டுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். பணம் இருந்தால், கங்குகளையும் தழலையும் தடுப்பதற்கென்றே சோதித்துச் சான்று பெற்ற துவார மூடிகள் கிடைக்கின்றன. காற்றோட்டமே வேண்டாம் என்று அடைத்துவிடாதீர்கள், மழைக்காலத்தில் மரம் உளுத்துப்போகும்.

இரண்டாவது கூரை. ஓட்டுக்கூரைக்குக் கவலை இல்லை என்று நினைப்போம். ஓடு எரியாதுதான். ஆனால் வளைந்த ஓடாக இருந்தால், கூரையின் கீழ் விளிம்பில் ஒவ்வொரு ஓட்டின் அடியிலும் அரை வட்டமாக ஒரு வாய் திறந்திருக்கும். அதில் குருவி கூடு கட்டும், காற்று சருகைத் திணிக்கும். அங்கே விழும் கங்கு ஓட்டுக்கு அடியில் போய் மரத்தைப் பிடிக்கும். அந்த வாய்களைச் சிமென்ட் கலவையாலோ, இதற்கென்றே விற்கும் உலோக அடைப்பாலோ மூட வேண்டும். கூரை வேலை செய்பவரிடம் கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் கட்டரில் சருகு இருக்கக்கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கட்டர் பிளாஸ்டிக்காக இருந்தால் உலோகத்துக்கு மாற்றுங்கள், மேலே உலோக மூடி போடுங்கள்.

மூன்றாவது டெக். அதன் அடியில் எதையும் வைக்காதீர்கள். பழைய பலகை, குழந்தைகளின் பொம்மை, காலிப் பெட்டிகள் என்று அந்த இடம் தானாக நிரம்பும். பலகைகளின் இடுக்கில் சேர்ந்திருப்பதைக் கத்தியால் கீறி எடுங்கள், முக்கியமாக டெக் வீட்டோடு சேரும் ஓரத்தில். பார்பிக்யூ வாயு உருளையைச் சுவரோரமாக வைக்கக்கூடாது. விறகு இருந்தால் வீட்டிலிருந்து 30 அடிக்கு அப்பால்.

இதெல்லாம் முடிந்த பிறகு தோட்டத்துக்கு வாருங்கள். மரத்துக்குச் செய்ய வேண்டியது இதுதான்: தரையிலிருந்து 6 அடி வரை உள்ள கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுங்கள், கூரைக்கு மேல் காய்ந்த கிளை தொங்கவிடாதீர்கள், மரத்தடியில் புதர் வளரவிடாதீர்கள். புல்லில் ஓடும் தீ தானாக மரத்தில் ஏறாது, புதர் ஏணியாக இருந்தால்தான் ஏறும். புதர் மரத்தடியில் இருந்தே ஆகவேண்டும் என்றால், அதன் உயரத்தைப்போல மூன்று மடங்கு இடைவெளி விட்டுத்தான் கிளை தொடங்க வேண்டும். மரத்துக்கும் மரத்துக்கும் இடையே சமதரையில் 10 அடி. உங்களுடையது சரிவு. தீ மேட்டில் ஏறும்போது மேலே உள்ளதை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திக்கொண்டே ஏறும், அதனால் நடுத்தரச் சரிவில் 20 அடி, செங்குத்தான சரிவில் 30 அடி இடைவெளி கேட்பார்கள்.

நல்ல ஓக் மரம் உங்கள் பக்கம் நிற்கும் துணை. நிழல் தந்து தரையின் ஈரத்தைக் காக்கும், கங்குகளில் ஒரு பங்கைத் தன் பச்சை இலையில் வாங்கி அணைக்கும். அதை வெட்டினால் அந்த இடத்தில் அடுத்த ஆண்டு முளைப்பது காய்ந்த புல். வெட்டத்தான் வேண்டும் என்றால் பட்டியலில் முதலில் வரவேண்டியவை சுவரோரத்து ஜூனிப்பர் புதரும், வேலி நெடுக வரிசையாக நட்ட இத்தாலிய சைப்ரஸும். வெளியே பச்சை, உள்ளே கைவிட்டுப் பார்த்தால் முழுக்கக் காய்ந்த சுள்ளி.

புல்மேட்டை முதலில் யாருடையது என்று கேளுங்கள். சங்கத்துடையதோ பூங்காத் துறையுடையதோ என்றால் அவர்கள்தான் புல்லைக் குறைக்க வேண்டும், கிழக்கு விரிகுடா மலைகளில் பல இடங்களில் ஆடு மாடுகளை மேயவிட்டுக் குறைக்கிறார்கள். உங்கள் மனையில் இருப்பதை நீங்கள் 4 அங்குலத்துக்குக் கீழே வெட்ட வேண்டும். காலை 10 மணிக்குள், காற்றில்லாத நாளில் வெட்டுங்கள். காய்ந்த புல்லில் இயந்திரத்தின் இரும்புக் கத்தி கல்லில் பட்டு எழும் பொறியால் தொடங்கிய தீ இங்கே ஏராளம். மே மாதத்தில் மலை பொன்னிறமாகிவிடும். அதற்குள் முடித்துவிட வேண்டிய வேலை இது. உலர்ந்த வடகிழக்குக் காற்று, டயப்லோ காற்று என்பார்களே, அது அடிக்கும் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் தினமும் சருகு கூட்டுவதைத் தவிர வேறு பெரிய வேலை மிச்சமிருக்கக் கூடாது.

இப்போது பெற்றோர் விஷயம். உங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் வீட்டில் அவர்கள் மட்டும். கார் ஓட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது. பெருங்காற்று அடிக்கும் நாட்களில் மின் நிறுவனமே முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் போனால் வைஃபை போகும், வைஃபை போனால் அவர்களுடைய வாட்ஸ்அப் பேசாது. எனவே வந்த முதல் வாரமே இருவருக்கும் உள்ளூர் சிம் வாங்கிப் போடுங்கள். அந்த எண்களையும் உங்கள் எண்களையும் கான்ட்ரா கோஸ்டா கவுண்டியின் எச்சரிக்கைச் சேவையில் பதிவுசெய்யுங்கள். தீச் செய்திகளுக்கு வாட்ச் டியூட்டி என்ற செயலி நன்றாக இருக்கிறது, லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது. ஆனால் அதிகாரபூர்வமான அறிவிப்புக்குக் கவுண்டியைத்தான் நம்ப வேண்டும்.

வெளியேற்ற அறிவிப்பு இரண்டு வகை. வார்னிங் என்றால் ஆபத்து வரலாம், தயாராகுங்கள் என்று பொருள். ஆர்டர் என்றால் உடனே கிளம்ப வேண்டும், சட்டப்படியான உத்தரவு. வயதானவர்கள் உள்ள வீடு வார்னிங் வந்தபோதே கிளம்பிவிட வேண்டும். ஆர்டருக்காகக் காத்திருந்தால் தெரு நிறைந்துவிடும். பாரடைஸில் ஊரைவிட்டு இறங்கும் சாலைகளில் கார்கள் நகராமல் நின்ற நிலையிலேயே நெருப்பு வந்தது. 1991இல் ஓக்லண்ட் மலையில் இறந்த 25 பேரில் பலர் குறுகலான மலைச்சாலைகளில் மாட்டிக்கொண்டவர்கள்.

பகலில் வீட்டிலிருக்கும் இரண்டு அண்டை வீட்டாரிடம் அப்பா அம்மாவை நேரில் அழைத்துப்போய் அறிமுகம் செய்யுங்கள். ‘எங்களால் வந்துசேர முடியாவிட்டால் இவர்களை உங்கள் காரில் ஏற்றிக்கொள்வீர்களா’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கத் தயங்குவோம், ஆனால் மறுப்பவர்கள் மிகக் குறைவு. வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்ல இருவருக்கும் பழக்குங்கள், தமிழில் பெரிதாக எழுதிக் குளிர்பெட்டிக் கதவிலும் ஒட்டுங்கள். 911ஐ அழைத்து ‘டமில்’ என்று மொழியின் பெயரைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைக்க முயல்வார்கள், ஆனால் முகவரி முதலில் போய்ச் சேர வேண்டும்.

கராஜ் கதவை மின்சாரம் இல்லாமல் கையால் திறக்கத் தெரியுமா? மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைத் தூக்க வேண்டும். 2017இல் வட கலிஃபோர்னியாவில் எரிந்த தீயில் கதவு திறக்காமல் வீட்டுக்குள்ளேயே சிலர் இறந்துபோனார்கள். அதனால்தான் 2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கும் கராஜ் கதவு இயந்திரங்களில் பேட்டரி இருக்க வேண்டும் என்று சட்டமாயிற்று. உங்களுடையது பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். மின்கார் வைத்திருந்தால் காற்று எச்சரிக்கை வந்த அன்றே சார்ஜ் ஏற்றிவையுங்கள், தெருவைப் பார்த்தபடி நிறுத்துங்கள்.

எடுத்துப்போக வேண்டியவற்றை ஒரு பையில் இப்போதே வையுங்கள். பாஸ்போர்ட், விசாத் தாள்கள், ஓ.சி.ஐ. அட்டைகள், ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் மருந்துச் சீட்டோடு, மாற்று மூக்குக்கண்ணாடி. நகையைத் தீக்காலம் முடியும் வரை வங்கி லாக்கரில் வைப்பது நல்லது, கிளம்பும் நேரத்தில் அதைத் தேடி நிற்பதுதான் பலரைத் தாமதப்படுத்துகிறது. உடுத்தியிருப்பது பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் புடவையும் நைட்டியும் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். காலில் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. அம்மாவுக்கு ஒரு பருத்தி சுடிதாரும் ஷூவும் அந்தப் பையோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

கிளம்பும்போது எல்லா ஜன்னல்களையும் கதவுகளையும் மூடுங்கள், விளக்கை எரியவிடுங்கள், புகையில் வீடு இருப்பது தீயணைப்பு வீரர்களுக்குத் தெரியட்டும். தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள். பாலிசேட்ஸில் உயரமான தெருக்களின் ஹைட்ரண்டுகளில், அதாவது தீயணைப்புக் குழாய்களில், தண்ணீர் வராமல் போனதைப் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு வீடாகக் குழாய் திறந்திருந்தால் அழுத்தம் இன்னும் குறையும். கூரைமேல் ஏறித் தண்ணீர் அடிப்பது வேண்டவே வேண்டாம்.

தீ உங்கள் பக்கம் வராத ஆண்டிலும் புகை வரும். பெற்றோருக்கு ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் இது சிறிய விஷயம் இல்லை. ஓர் அறையை ஒதுக்கிக் காற்றுச் சுத்திகரிப்பான் வையுங்கள், வெளியே போக என்-95 முகமூடி. முந்தானையோ ஈரத்துணியோ அந்த நுண்துகளைத் தடுக்காது. புகை நாட்களில் வடை பொரிப்பது, தாளிப்பது, சாம்பிராணி போடுவது எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள், உள்ளே புகையைக் கூட்டும்.

காப்பீட்டைப் பற்றி ஒரே ஒரு யோசனை. இன்றே கைப்பேசியில் ஒவ்வோர் அறையையும், அலமாரிகளைத் திறந்து, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வேலைகளைச் செய்யும்போதும் முன், பின் படங்கள் எடுங்கள். இப்படிப்பட்ட வேலைகளுக்குத் தள்ளுபடி தரவேண்டும் என்று 2022இல் மாநிலக் காப்பீட்டுத் துறை விதி கொண்டுவந்திருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாகப் பக்கத்து வீடு. உங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் 30 அடி இருக்காது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அவர்களுடைய 5 அடி உங்களுடைய 30 அடிக்குள் வருகிறது. அவர்கள் வேலியோரத்து சைப்ரஸ் பற்றினால் உங்கள் ஜன்னல் கண்ணாடி வெடிக்கும். குறை சொல்லிக்கொண்டு போகாமல், ஒரு சனிக்கிழமை டிஃபன் கொடுத்து அழைத்து, உங்கள் வீட்டில் செய்ததைச் சுற்றிக்காட்டுங்கள். சான் ரமோன் பள்ளத்தாக்குத் தீயணைப்புத் துறையிடம் வீட்டைப் பார்வையிட்டு ஆலோசனை சொல்லும்படி கேட்கலாம், இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே கேளுங்கள். எட்டு வீடுகள் சேர்ந்தால் ஃபயர்வைஸ் என்ற காட்டுத்தீத் தற்காப்புத் திட்டத்தில் ஒரு குழுவாகப் பதிவுசெய்துகொள்ளலாம், காப்பீட்டில் அதற்கும் சலுகை உண்டு. அந்த சைப்ரஸை எடுக்கும் செலவில் பாதியை நீங்கள் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கொல்லையில் ஒரு மரத்தை வெட்டுவதற்குச் செலவிடும் பணத்தைவிட அது உங்கள் வீட்டை அதிகம் காக்கும்.